முன்னால் போய் நிற்கிறவர்

சத்திரம் பேருந்து நிலையத்துக்குள் பஸ் நுழைந்தால் என்ன நடக்கும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டு, பை, குடை, சில நேரம் குழந்தையையே உள்ளே போட்டு இடம் பிடிப்பார்கள். படிக்கட்டுக் கம்பியைப் பிடித்தபடி கூடவே ஓடுவார்கள். அந்தக் கூட்டத்தில் ஓடாத ஆள் ஒருவரைத்தான் நான் பார்த்திருக்கிறேன். அவர் பஸ் வருகிற பக்கமே திரும்ப மாட்டார். வந்து நின்றால் படிக்கட்டு எங்கே இருக்குமோ, அந்த இடத்தில் முன்கூட்டியே போய்க் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். கூட்டமெல்லாம் பஸ்ஸைத் துரத்திக்கொண்டு வர, படி அவர் காலடியில் வந்து நிற்கும். ஏறி, ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்துகொள்வார்; நான் மூச்சு வாங்க ஏறி வந்ததும் எழுந்து எனக்கு இடம் விட்டுவிட்டு இறங்கிப் போய்விடுவார். அது காட்டூர் பஸ். அவர் போக வேண்டியது ஸ்ரீரங்கத்துக்கு.

அவர் என்னைக் கேட்பார் என்று நான் காத்திருந்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை ஒளித்து வைத்து ஆளை அசத்துவதெல்லாம் எனக்கு வராது. கல்யாணம் பண்ணிக்கொள்கிறாயா என்று அவர் கேட்க வேண்டும், நான் கொஞ்சம் யோசிப்பதுபோல் பாசாங்கு செய்துவிட்டுச் சரி என்று சொல்ல வேண்டும். அந்தப் பாசாங்கைக்கூட ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்.

தில்லை நகரில் காது கேட்கும் மிஷின் விற்கும் சென்டர் ஒன்றில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். நான் வாசல் மேஜை. டோக்கன் கொடுப்பது, பேட்டரி விற்பது, வருகிறவர்களிடம் கத்திப் பேசுவது. அவர் உள்ளே, காது டெஸ்ட் எடுக்கிறவர். சத்தம் புகாத சின்ன அறைக்குள் ஆளை உட்கார்த்தி, காதில் ஹெட்போன் மாட்டிவிட்டு, வெளியே கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மிஷினோடு உட்காருவார். "சத்தம் கேட்டா கையைத் தூக்குங்க. கேக்கலைன்னா தூக்க வேண்டாம்." பெரியவர்கள் பலருக்குக் காது கேட்கவில்லை என்று ஒப்புக்கொள்ள மனசு வராது. ஒரு சத்தமும் அனுப்பாதபோதே கையைத் தூக்குவார்கள். அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். அடுத்த சத்தத்தையும் அனுப்ப மாட்டார். பேசாமல் பார்த்துக்கொண்டே இருப்பார். கொஞ்ச நேரத்தில் தூக்கிய கை தானாக வெட்கப்பட்டு இறங்கிவிடும். அதற்குப் பிறகு அந்த ஆள் பொய் சொன்னதே இல்லை.

"இவ்வளவு பொறுமையை எங்க சார் கத்துக்கிட்டீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கடல்ல" என்றார்.

எனக்குத் தெரிந்து அவர் பார்த்த கடல் வேளாங்கண்ணிக் கரையோடு சரி. அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. கம்ப்யூட்டரில் நீர்மூழ்கிக் கப்பல் விளையாட்டு. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருக்கும். அட்லாண்டிக் கடலில் சரக்குக் கப்பல்கள் தனித்தனியாகப் போனால் ஆபத்து என்று கூட்டமாக, வரிசை வரிசையாகப் போகும். கான்வாய் என்று பெயர். முன்னாலும் பக்கவாட்டிலும் காவல் கப்பல்கள். அந்தக் காவலுக்குள் புகுந்து, டார்ப்பிடோ என்ற நீரடிக் குண்டை விட்டு, உயிரோடு திரும்ப வேண்டும். இதில் விளையாடுகிறவர்களுக்கு உதவியாகக் கம்ப்யூட்டரே எதிரி எங்கே இருக்கிறான் என்று வரைபடத்தில் காட்டும், குறியைத் தானே பார்த்துக் கொடுக்கும், நாட்களை நிமிஷங்களாக ஓட்டிவிடும். அவர் அத்தனையையும் அணைத்து வைத்திருந்தார். நிஜக் கப்பல் ஓரிடத்துக்குப் போக எத்தனை நாள் ஆகுமோ அத்தனை நாள் அவர் வீட்டுக் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். அவர் இங்கே வந்து ஊர்க்காரர்களின் காதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

மதியம் சாப்பிடும்போது கேட்பேன். "இப்ப உங்க கப்பல் எங்க சார்?"

"அயர்லாந்துக்கு மேற்க போயிண்டு இருக்கு. அலை கொஞ்சம் ஜாஸ்தி" என்பார், தயிர் சாதத்துக்கு மாவடுவைக் கடித்துக்கொண்டே.

சென்டரில் எங்களோடு பேசும்போது அவர் தமிழ் எல்லோருடையதையும் போலத்தான் இருக்கும். கப்பலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மட்டும் வீட்டுப் பேச்சு வந்துவிடும். போயிண்டு, வந்துடுத்து, பாருங்கோ. நான் சும்மா விடுவேனா? எங்கள் வீட்டில் எனக்கு வாயாடி என்றே பெயர். "சார், எழுந்தருளியாச்சா?" என்பேன் காலையில். "தளிகை ஆச்சுதோ? சாப்பிடறேளா?" என்று டிபன் பாக்ஸைத் திறக்கும்போது இழுப்பேன். அவர் கோபித்துக்கொண்டதில்லை. காது மடல் மட்டும் சிவக்கும். அதைப் பார்ப்பதற்காகவே இன்னும் இரண்டு சொல்வேன்.

ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் ஊறுகாய் பாட்டிலைக் காவல் கப்பலாகவும் எங்கள் டிபன் டப்பாக்களைச் சரக்குக் கப்பல்களாகவும் அடுக்கி எனக்கு விளக்கினார். நீர்மூழ்கி தண்ணீருக்கு அடியில் போகும்போது சரக்குக் கப்பலைவிட மெதுவாகத்தான் போக முடியுமாம். துரத்தினால் கிடைக்கவே கிடைக்காது. "அதனால மேல வந்துடணும். மேல நமக்கு வேகம் ஜாஸ்தி. அவா கண்ணுக்குப் படாத தூரத்துல, புகையை மட்டும் பாத்துண்டு, பெரிசா ஒரு சுத்து சுத்திப் போகணும். அவாளுக்கு முன்னாடி போயி, வரப்போற வழியில முங்கி, மிஷினை நிறுத்திட்டு, பேசாம கிடக்கணும். அவாளே நம்ம மேல வருவா."

"அது வரைக்கும்?"

"கேட்டுண்டு இருக்கணும்."

சரக்குக் கப்பலைத் தள்ளும் விசிறி ஆறஅமரச் சுற்றுமாம், காவல் கப்பலுடையது படபடவென்று அடிக்குமாம். கண்ணை மூடிக்கொண்டு எது எது என்று சொல்லிவிடுவாராம். எனக்கு அதில் ஒன்றும் புரியவில்லை. ஸ்பூனால் மேஜையில் தட்டிக் காட்டிய அந்த விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கரண்ட் நினைத்தபோதெல்லாம் போய்க்கொண்டிருந்த காலம் அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கான்வாய் நடுவே நுழைந்து, டார்ப்பிடோ விட்டு, ஆழத்துக்கு இறங்கிக் காவல் கப்பல்களிடம் மாட்டியிருந்த நேரம் பார்த்து ஸ்ரீரங்கத்தில் கரண்ட் போய்விட்டது. யுபிஎஸ்ஸும் கொஞ்ச நேரம் கத்திவிட்டு உயிரை விட்டது. வேறு யாராக இருந்தாலும் சேமித்து வைத்த இடத்திலிருந்து மறுபடி ஆரம்பிப்பார்கள். அவர் சட்டப்படி அது கப்பல் மூழ்கியதற்குச் சமம். ஆட்களோடு போய்விட்டது. நேரே பாத்ரூமுக்குப் போய்த் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டார்.

வேளை கெட்ட வேளையில் மகன் தலை முழுகுவதைப் பார்த்த அவர் அம்மாவுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான். பங்காளி வீட்டில் யாரோ போய்விட்டார்கள். உடனே பெருமாள் அலமாரியைச் சாத்தி, கும்பகோணத்துக் கொழுந்தனாருக்குப் போன் போட்டு, "யாரு? எப்போ?" என்று அழ ஆரம்பித்திருக்கிறார். ஸ்ரீரங்கத்தில்தான் யாருக்கோ ஆகிவிட்டது, அண்ணிக்குச் சொல்ல வாய் வரவில்லை என்று அவரும் அந்தப் பக்கம் அழுதிருக்கிறார். இந்த அழுகைக்கு நடுவில் ஈரத்துண்டோடு வெளியே வந்த பிள்ளை சொன்னது: "எல்லாரும் போயிட்டாம்மா."

இதை அவரே எனக்குச் சொன்னார். சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறியது. அவர் சிரிக்கவில்லை. "பாவம், அத்தனை பேரும் சின்ன வயசு" என்றார். யாரைச் சொல்கிறார் என்று எனக்குப் புரியச் சற்று நேரமாயிற்று.

பங்குனி உற்சவத்தின்போது ஒருநாள் வேலை முடிந்து புறப்பாடு பார்க்க ஸ்ரீரங்கம் போனேன். "நீங்க எங்க நின்னு சேவிப்பீங்க?" என்று கேட்டிருந்தார். "கூட்டத்தோட போவேன். போன தடவை குடையோட பின்பக்கம்தான் தெரிஞ்சுது" என்றேன். அவர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "பின்னாடி போகாதீங்கோ. பெருமாள் மெதுவாத்தான் வரார். ஆனா நாம கூட்டத்துல மாட்டிண்டா அவரை விட மெதுவா ஆயிடுவோம்." சித்திரை வீதியில் ஜனம் நெரிந்துகொண்டிருக்க, அவர் என்னைப் பக்கத்துச் சந்துகள் வழியாக விறுவிறுவென்று நடத்திக்கொண்டு போனார். தூரத்தில் மேளச் சத்தம் மட்டும் கேட்டது. அதைக் காது கொடுத்துக் கேட்பார், நிற்பார், மறுபடி நடப்பார். ஒரு வீதி முனையில், பூட்டிய கடை ஒன்றின் படியில் என்னை ஏற்றி நிறுத்தினார். அங்கே எங்களைத் தவிர ஒரு மாடுதான் இருந்தது.

யானை வந்தது. பிறகு பாசுரம் சொல்லிக்கொண்டு கோஷ்டி. "முன்னாடி தமிழ் போகும், பின்னாடி வேதம் வரும். நடுவுல பெருமாள். நல்ல காவல்" என்றார்.

"சாமியையே கான்வாய்ங்கறீங்களே, பாவமில்லையா?"

"அபசாரம், அபசாரம்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். "சேவிக்கறதுக்குன்னா சொன்னேன்!"

வீதி முனையில் பல்லக்கு திரும்பியது. திரும்பும்போது ஒரு கணம், ஊர் முழுவதையும் விட்டுவிட்டு, பெருமாள் எங்களை மட்டும் நேருக்கு நேராகப் பார்த்தார். "இப்போ" என்றார் அவர், என் காதோரம், மூச்சே சத்தமாக. நான் பெருமாளிடம் என்ன வேண்டிக்கொண்டேன் என்று சொல்லத் தேவையில்லை. கையெடுத்துக் கும்பிடும்போது என் முழங்கை அவர் முழங்கையில் பட்டது. அவர் நகரவில்லை. இப்போதும் பங்குனி வந்தால் அந்த முழங்கை எனக்கு ஞாபகம் வரும். என் கணவர் நல்லவர். அவரிடம் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் வரும்.

அதற்குப் பிறகு அவர் கேட்பதற்கு அதிக நாள் ஆகாது என்றே நம்பினேன். அவர் ஸ்ரீரங்கம் வைஷ்ணவக் குடும்பம், நாங்கள் லால்குடிப் பக்கத்து விவசாயக் குடும்பம், இரண்டு வீட்டிலும் பூகம்பம் வரும் என்பதெல்லாம் எனக்கும் தெரியும். அவர் சும்மா இல்லை, எங்கேயோ சுற்றிக்கொண்டு முன்னால் வந்துகொண்டிருக்கிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொறுத்தார் பூமி ஆள்வார். எங்கள் வீட்டில் என் ஜாதகத்தைக் கையில் எடுத்த அன்று அந்தச் செய்தியை அவர் காதில் போட்டும் வைத்தேன்.

"வீட்டுல மாப்பிள்ளை பாக்கறாங்க சார். தை பொறந்ததும் முடிச்சுடணுமாம்."

"தை" என்றார். அவ்வளவுதான். ஏதோ கணக்குப் போடுகிறார் என்று சந்தோஷமாக இருந்தேன்.

இடையில் ஒன்று நடந்தது. ஏதோ பேச்சுக்கு நான் கேட்டேன், "அந்தச் சரக்குக் கப்பல்ல எல்லாம் யாருங்க இருப்பாங்க?"

"வெள்ளைக்காரா. இஞ்சின்ல கரி அள்ளிப் போடற வேலைக்கு நம்ம தேசத்துலேந்து போனவாளும் நிறைய பேர் உண்டு."

"அப்ப நம்ம ஆளுங்களையா சுடறீங்க?"

விளையாட்டாகத்தான் கேட்டேன். அவர் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டார். சில நாள் கழித்து அவராகவே என் மேஜைக்கு வந்தார். பல நாள் சுற்றி ஒரு பெரிய கான்வாய்க்கு முன்னால் போய்க் கிடந்தாராம். காவல் கப்பல் தலைக்கு மேலேயே போயும் கண்டுபிடிக்கவில்லையாம். வரிசைக்கு நடுவே எழும்பினால், பெரிய கப்பல் ஒன்று தன் முழு விலாவையும் காட்டிக்கொண்டு நேர் எதிரே. அதைவிட நல்ல குறி யாருக்கும் வாய்க்காதாம்.

"சுட்டீங்களா?"

"இல்லை. நீங்க கேட்டது ஞாபகம் வந்தது. எல்லா வரிசையும் போற வரைக்கும் பாத்துண்டே இருந்தேன். போயிடுத்து."

அதை ஒரு பரிசைக் கொடுப்பது போலச் சொன்னார். எனக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. என் ஒரு வார்த்தைக்கு ஒரு கப்பல் கூட்டமே தப்பித்திருக்கிறதே! காட்டூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போகும்போது அதே வார்த்தைகள் வேறு மாதிரி கேட்டன. இவ்வளவு தூரம் வந்து, இவ்வளவு கிட்டத்தில் நின்று, பார்த்துக்கொண்டே விட்டுவிடக்கூடிய மனுஷர் இவர்.

டெஸ்ட் மிஷின் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, நன்றாகக் காது கேட்கிற ஒருவரை அவ்வப்போது உள்ளே உட்கார்த்திச் சோதிப்பார்கள். எங்கள் சென்டரில் அந்தக் காது என்னுடையது. அவர் வெளியே இருந்து மைக்கில் ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லுவார். உதட்டைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடக்கூடாது என்று வாயை ஓர் அட்டையால் மறைத்துக்கொள்வார். நான் கேட்டதைக் கேட்டபடி உள்ளே இருக்கும் மைக்கில் திருப்பிச் சொல்ல வேண்டும். அதுதான் விதி. யோசிக்கக்கூடாது, பதில் சொல்லக்கூடாது. ஒவ்வொரு வார்த்தைக்கும் சத்தம் குறைந்துகொண்டே போகும்.

கார்த்திகை மாதம், மழை நாள். சென்டரில் கூட்டமில்லை. நான் உள்ளே ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தேன்.

"பழம்."

"பழம்" என்றேன்.

"கதவு."

"கதவு."

"மழை."

"மழை."

சத்தம் இறங்கி இறங்கி, கேட்கிறதா, நினைப்பா என்று தெரியாத இடத்துக்கு வந்தது. அட்டைக்கு மேலே அவர் கண்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன.

"எங்காத்துக்கு வரேளா?"

"எங்காத்துக்கு வரேளா" என்றேன்.

பழக்கதோஷம். கேட்டதைக் கேட்டபடி, அவர் இழுத்த மாதிரியே இழுத்து, கணீரென்று சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் அந்த வார்த்தைகள் பட்டியலில் இல்லை என்பது மண்டையில் ஏறியது. பட்டியல் எனக்கு மனப்பாடம். நிமிர்ந்து பார்த்தேன். அவர் அட்டையைக் கீழே வைத்துவிட்டார். காது மடல் சிவந்திருந்தது. சின்னதாகச் சிரித்தார். "மிஷின் சரியா இருக்கு. வெளில வரலாம்" என்று முழுச் சத்தத்தில் சொல்லிவிட்டு, குனிந்து சுவிட்சை அணைத்தார்.

நான் வெளியே வந்து அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றேன். இன்னொரு தடவை கேளுங்க என்று மனசு அடித்துக்கொண்டது. வாயாடிக்கு அன்றைக்கு வாயே வரவில்லை. அந்த அளவுச் சத்தத்தில் காதில் விழுந்ததை வைத்து யாரால் சத்தியம் பண்ண முடியும்? நானாக நினைத்துக்கொண்டதாக இருந்தால்? அதற்குள் ஒரு குடும்பம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நனைந்தபடி உள்ளே வந்தது. நான் டோக்கன் கொடுக்கப் போனேன். மறுபடி கேட்பார், எப்படியும் கேட்பார் என்று அன்று மாலை நம்பினேன். மறுநாளும் நம்பினேன்.

அவர் கேட்கவில்லை. முன்னைவிட மரியாதையாகப் பேசினார், அதுதான் இன்னும் மோசம். வீட்டுப் பேச்சு என் முன்னால் அவர் வாயில் வருவதே நின்றுபோனது. கப்பல் எங்கே என்று கேட்டால் "இப்பல்லாம் விளையாடறதில்லீங்க" என்றார். அந்த 'விளையாடறதில்லீங்க' என்னைக் குத்தியது. தை பிறப்பதற்கு முன் பெங்களூரில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து, கேக் வெட்டி, எல்லோரோடும் போட்டோ எடுத்துக்கொண்டு, போய்விட்டார். எனக்குப் பார்த்த வரன் தட்டிப்போய் அடுத்த வருஷம்தான் அமைந்தது. அது அவருக்குத் தெரிந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று நினைக்கிறேன்.

என் கல்யாணத்துக்கு முன், ஆனி மாதத்தில் ஒருநாள், அவர் அம்மா சென்டருக்கு வந்தார். அவரும் காதுக்கு மிஷின் வைத்திருப்பவர்தான். அது திடீரென்று நின்றுவிட்டது என்று ஸ்ரீரங்கத்திலிருந்து ஆட்டோ பிடித்து வந்திருந்தார். பையிலிருந்து மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகையை எடுத்து, குங்குமத்தோடு என் கையில் கொடுத்தார். காது கேட்காதவர்கள் பேசுவது போல ஹால் முழுக்கக் கேட்கும்படி பேசினார்.

"பொண்ணு பெங்களூர்தாம்மா. பேங்க்ல இருக்கா. நன்னா பாடுவா. எத்தனை நாள் பிடிவாதம் பிடிச்சான் தெரியுமோ? அப்புறம் குடைஞ்சு குடைஞ்சு கேட்டதுல சொன்னான். இங்க ஒரு பொண்ணைக் கேட்டானாம். யாருன்னு பேர் சொல்ல மாட்டேங்கறான். 'எங்காத்துக்கு வரேளா'ன்னு கேட்டதுக்கு, அவ அப்படியே அவனைப் பழிப்புக் காட்டிட்டாளாம். பாவம், வாயில்லாப் பிள்ளை. அதுக்கப்புறம் எப்படிம்மா இன்னொரு தரம் கேப்பான்? அந்தப் பொண்ணு யாருன்னு உனக்குத் தெரியுமோ?"

டோக்கனோடு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். காது கேட்கிறவர்களும் இருந்தார்கள்.

"நான் பழிப்புக் காட்டலை மாமி" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"என்னது?" என்று கையைக் காதோரம் குவித்துக்கொண்டு மேஜை மேல் சாய்ந்தார். "ஒண்ணும் காதுல விழலை. சத்தமாச் சொல்லு."

"பேட்டரி தீர்ந்திருக்கும் மாமி! குடுங்க, மாத்தித் தரேன்!" என்று கத்தினேன்.

மிஷினை வாங்கி, மூடியைத் திறந்து, பழைய பேட்டரியைக் கழற்றிவிட்டுப் புதிதை எடுத்தேன். அது கீழே விழுந்து உருண்டது. இன்னொன்று எடுத்துப் போட்டு, நானே அவர் காதில் பொருத்திவிட்டேன். அவர் முகம் மலர்ந்தது. வெளியே ஆட்டோ ஹாரன் அடிப்பதைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, கையைப் பிடித்துக்கொண்டு, இப்போது தணிந்த குரலில் கேட்டார்.

"இப்போ நன்னாக் கேக்கறது. அப்போ என்னவோ சொன்னியே, என்னம்மா அது?"

அவருக்கு இப்போது எது சொன்னாலும் கேட்கும். நான் பத்திரிகையைப் பிரித்து, மாப்பிள்ளை பெயர் இருந்த இடத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

"பத்திரிகை நன்னாருக்கு மாமி" என்றேன். "ரொம்ப நன்னாருக்கு."

அவர் என்னைத் தம் ஆத்துப் பெண்ணைப் பார்ப்பது போலப் பார்த்தார். நான் அவர்கள் பேச்சைப் பேசியது கேலி என்று அவருக்குத் தோன்றவே இல்லை.